இரண்டாவது வைரஸ்

என் மனைவியின் ஈரலில் ஒரு வைரஸ் குடியிருக்கிறது என்பதை, அவர் பிறருக்கு இரத்தம் கொடுக்கப் போனதால்தான் நாங்கள் அறிந்தோம். அது தொண்ணூறுகளின் தொடக்கம். பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போய்வந்தவர், அங்கே தந்த இரண்டு பிஸ்கட்டுகளில் ஒன்றை எனக்கென்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். சில வாரங்கள் கழித்து அவரை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஹெப்படைட்டிஸ் பி என்றார்கள். நோய் என்று சொல்லும்படி உடம்பில் எதுவும் இல்லை. கிருமி மட்டும் இருந்தது. பிறந்தபோதே தாயிடமிருந்து வந்திருக்கக்கூடும் என்றார்கள்.

ஆசிரியர்களான எங்கள் இருவரையும் தொடர்ந்து பார்த்துவந்த வைத்தியர், என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து மலையிலேயே தங்கிவிட்டவர். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

“மாஸ்டர், இது டீச்சரின்ர ஈரலில பேசாமல் இருக்குது. இருந்திட்டுப் போகட்டும். ஆனால் இதுக்கு மேல இன்னொரு வைரஸ் வந்து ஏறக்கூடாது. சாதாரண ஆக்களுக்குச் செங்கண்மாரி வந்தால் ஒரு மாசம் படுத்து எழும்புவினம். டீச்சருக்கு வந்தால் என்னாலை ஒண்டும் சொல்ல ஏலாது.”

“என்னத்தைச் சொல்ல ஏலாது?” என்று கேட்டேன்.

“எழும்புவாவோ எண்டு.”

ஈரலைத் தாக்கும் வைரஸ்கள் பல என்றும், என் மனைவியிடம் இருப்பது இரத்தத்தால் பரவுவது, தட்டாலும் கோப்பையாலும் பரவாது என்றும் அவர் விளக்கினார். அழுக்குத் தண்ணீராலும் உணவாலும் பரவுவது வேறொன்று. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் அடிக்கடி தலைகாட்டுவது அதுதான். இரண்டையும் ஊர் ஒரே பெயரால் அழைத்தது: மஞ்சக்காமாலை; யாழ்ப்பாணத்தார் எங்களுக்குச் செங்கண்மாரி. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தமக்கென ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் ஒதுக்கிக்கொண்டார். எனக்குத் தடுப்பூசி மூன்றும் போடப்படும்வரை மூன்று முறையும் கூடவே வந்து பக்கத்தில் நின்றார். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: வெளியில் யாருக்கும் தெரியக்கூடாது. அவர் தோட்டப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். டீச்சருக்கு மஞ்சக்காமாலை என்று ஒரு வாய் சொன்னால், மறுநாள் எந்தத் தாயும் பிள்ளையை அவர் மடியருகே விடமாட்டாள். நான் வாக்குக் கொடுத்தேன்.

அவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இருதயம் நின்றதே காரணம், ஈரல் அல்ல. விசாரிக்க வருபவர்களிடம் இந்த வேறுபாட்டை நான் சற்று அதிகமாகவே வலியுறுத்துகிறேன் என்பதை அறிவேன். அந்த ஈரலுக்காக நாங்கள் ஒருமுறை முப்பத்தேழு நாட்கள் பயந்திருந்தோம். அந்தப் பயம் வீணாய்ப் போனது. வீணாய்ப் போன பயத்தைவிட நல்ல பொருள் என் வாழ்வில் அதிகம் இல்லை. ஆகவே அதை எழுதிவைக்கிறேன்.

நான் கணித பாட ஆசிரிய ஆலோசகனாக ஊவாவின் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மனைவி லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஹாலிஎலவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

இந்த மலைகளில் வேலை பார்த்த என் ஊரவர்களுக்கு ஒரு வசனம் உண்டு. லயத்து வீடொன்றில் குடிக்க எதையாவது நீட்டினால், “இப்பதான் குடிச்சிட்டு வாறம்” என்பார்கள். சிரித்த முகத்தோடு, கைகூப்பி, மிக மரியாதையாகச் சொல்வார்கள். அந்த மரியாதைக்குள் இருப்பது என்னவென்று லயத்தில் குழந்தைக்கும் தெரியும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கள் வாயில் படாது என்பதே அதன் பொருள். என் மாமனாரின் அறைக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, கூடியிருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பை என் உதட்டுக்குப் போகிறதா என்றுதான் பார்த்தார்கள். குடித்தேன். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எந்த லயத்திலும் எதையும் மறுத்ததில்லை. மனைவி இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தம் உறவினரிடம் பேசியிருக்கிறார் என்பது, அவர்கள் எனக்கு நீட்டும் கோப்பை நிறைந்து தளும்புவதிலிருந்து தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நமுனுகுலைப் பக்கம் மனைவி முன்பு கற்பித்த தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஆசிரியப் பயிற்சிக்காகக் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானாள். அந்த லயங்களிலிருந்து அப்படிப் போகும் முதற் பெண் அவள்தான். தாய் கொழுந்து பறிப்பவர், கணவரை இழந்தவர். டீச்சரும் சாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்கு முந்திய வாரம், மேல் லயத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கண் மஞ்சளாகிப் பாடசாலைக்கு வரவில்லை என்று அங்குள்ள பாடசாலை அதிபர் ஒரு கூட்டத்தில் என்னிடம் சொன்னார். மேல் லயத்துக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் ஒரே பீலிதான். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழும் அந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“போகாமல் விடுவமே?”

“போகலன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? அந்தப் புள்ளைக்கு ஆனா ஆவன்னா எழுத வச்சதே நான்.”

“சரி. தேத்தண்ணி கொதிச்சது, அதைக் குடியும். சோறு சூடாயிருந்தால் சாப்பிடும். பச்சைத் தண்ணி மட்டும் வேண்டாம்.”

“சரிங்க சார்,” என்றார். நல்ல மனநிலையில் இருக்கும்போது மட்டுமே அவர் என்னைச் சார் என்பார்.

நாங்கள் போனபோது அந்த வீட்டு அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்களை நாற்காலிகளில் இருத்திவிட்டு உள்ளே போன வீட்டுக்காரம்மா, ஒரு தட்டில் இரண்டு கண்ணாடிக் கிளாசுகளோடு வந்தார். தேநீர் இல்லை. பச்சைத் தண்ணீரில் கலக்கிய சிவப்புச் சர்பத், மேலே கசகசா மிதந்தது. கிளாசுகள் தோட்டத்து அலுவலகக் கிளாக்கர் வீட்டிலிருந்து இரவல் வந்தவை என்று பின்னர் அறிந்தேன்.

“எனக்குப் பிளேன்டீ போதும், அம்மா. அதுதான் எனக்கு விருப்பம்,” என்றேன்.

“பிளேன்டீ நாங்க தெனம் குடிக்கிறது, சார். இன்னைக்குமா?” என்று அவர் சிரித்தார்.

“இல்லை, இந்தக் குளிருக்கு...” என்று இழுத்தேன். அன்று வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற அடுத்த அறைக் கிழவர் குறுக்கிட்டார். “விடு புள்ள. யாழ்ப்பாணத்து சாரு. ‘இப்பதான் குடிச்சிட்டு வாறம்’னு சொல்லாம ஒக்காந்திருக்காரே, அதுவே பெரிசு.” என் ஊர்ப் பேச்சை அவர் அச்சு அசலாகப் பிடித்திருந்தார். அறையிலும் வாசலிலும் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை நீட்டியபடியே நின்றார்.

என் மனைவிக்கு ஈரலில் நோய் இருக்கிறது என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த வசனத்தைத்தான் சொல்வதில்லை என்று வாக்களித்திருந்தேன். நான் ஒரு கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். மனைவி மற்றதைக் கையில் எடுத்திருந்தார். “அதையும் இஞ்சை தாரும், எனக்குச் சரியான தாகம்,” என்று அதை வாங்கி, அதையும் குடித்தேன்.

“பாத்தீங்களா?” என்றார் மனைவி, கூட்டத்தைப் பார்த்து. “ஒரு டம்ளர் சர்பத்துக்கு பொண்டாட்டி கையில இருக்கறதப் புடுங்குறாரு. வீட்ல நான் ஒண்ணுமே குடுக்கறதில்லன்னு நெனச்சிக்கப் போறாங்க.”

மறுபடியும் சிரிப்பு. என் கணக்கு சரியாக முடிந்துவிட்டது என்று எண்ணினேன். “அய்யோ டீச்சர், இன்னும் நெறையா இருக்கு!” என்று வீட்டுக்காரம்மா உள்ளே ஓடி, கழுவிய கிளாசில் மூன்றாவது சர்பத்தைக் கொண்டுவந்தார். மனைவி அதை வாங்கினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு துளி மீதமில்லாமல் குடித்துவிட்டு, “நல்லாருக்கு. எலுமிச்சம்பழம் புழிஞ்சீங்களா?” என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில், “ஏன் குடிச்சீர்?” என்றேன்.

“அந்தம்மா கையப் பாத்தீங்களா? தட்டு ஆடுச்சு,” என்றார்.

மறுநாளே வைத்தியரிடம் போயிருக்கவேண்டும். “ஒரு டம்ளர் சர்பத் குடிச்சேன்னு டாக்டர்கிட்ட போயி நிப்பீங்களா?” என்று மனைவி கேட்டதற்கு நான் இணங்கியது, அவர் சொன்னதை நம்பியதால் அல்ல. எல்லாம் தெரிந்தும் அவரை அங்கே அழைத்துப் போனேன் என்பதை வைத்தியர் முன் சொல்ல வெட்கப்பட்டேன். படித்தவன் செய்யும் தவறுகளில் இது ஒரு வகை. அறியாமல் செய்ததை உடனே ஒப்புக்கொள்வோம். அறிந்து செய்ததை மறைப்போம்.

நோய் வெளியே தெரிய ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும் என்பதை ஒரு புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தேன். தினமும் காலையில் மனைவியை ஜன்னலருகே நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, வெள்ளை விழியைப் பார்ப்பேன்.

“இன்னைக்குப் பாஸா, பெயிலா?”

“பாஸ்.”

“மார்க் எத்தன?”

“பேசாமல் நில்லும்.”

நான்காவது வாரம் எனக்குச் சோறு கசந்தது. வெங்காயம் தாளிக்கும் மணம் எழுந்தால் முற்றத்துக்குப் போய்விடுவேன். கவலையால் என்று நினைத்தேன். இருபத்தாறாவது நாள் காலை, நான் அவர் இமையை இழுத்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என் கண்ண விடுங்க. உங்க கண்ணப் பாத்தீங்களா?”

கண்ணாடிக்கு முன் போய் நின்றேன். சந்தேகத்துக்கு இடமில்லாத மஞ்சள். திரும்பியபோது அவர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெண்களுக்கு அடிக்கடி வரும் அழுகை அவருக்கு வருவதில்லை. முகம் மட்டும் சாம்பலாகும்.

“என்னோடதுதானா?” என்றார்.

இருவரும் ஒரே நோய்க்குப் பயந்துகொண்டிருக்கவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. என் பயம் பீலித் தண்ணீர். அவருடைய பயம், ஆறு ஆண்டுகளாக, அவரே. “மூண்டு ஊசியும் போட்டனான் எல்லோ,” என்றேன். “ஊசி எல்லாருக்கும் புடிக்குமா?” என்றார். அன்றே இருவரும் வைத்தியரிடம் போனோம்.

வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “குடிச்ச கையோடை வந்திருந்தால் டீச்சருக்கு ஊசி ஒண்டு போட்டிருக்கலாம். இப்ப பிந்திப் போச்சுது. உங்களுக்கு வந்தது பீலித் தண்ணியாலை வந்ததெண்டால், அது கண் மஞ்சளாக முதலே மற்றவைக்குப் பரவுற சாமான். விளங்குதோ? நீங்கள் டீச்சரின்ர கண்ணைப் பாத்துக்கொண்டு நிண்ட அந்த நாளெல்லாம், டீச்சருக்கு நோய் குடுக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில நீங்கள்தான், மாஸ்டர்.”

இருவரிடமும் இரத்தம் எடுத்தார். எந்த வைரஸ் என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனைக்கு அது கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. பதினொரு நாட்களில் வரச்சொன்னார்.

ஹல்துமுல்லையில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குப் போய் இருக்கும்படி மனைவியைக் கெஞ்சினேன்.

“நீங்க இங்க சுருண்டு படுத்திருப்பீங்க. நான் ஹல்துமுல்லைல போயி ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்கவா?” என்றார். போகவில்லை.

ஆகவே நான் முன்னறைக்கு மாறினேன். எனக்கென ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாளி. என் பாத்திரத்தை நானே சவர்க்காரம் போட்டுக் கழுவி, தனியாகக் கவிழ்த்துவைத்தேன். மூன்றாம் நாள், வாசலுக்கு அப்பால் நின்று கஞ்சியை ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார்:

“இப்பத் தெரியுதா, எப்பிடி இருக்கும்னு?”

விளையாட்டாகத்தான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. தட்டால் பரவாது என்று வைத்தியர் சொன்னதை நானும்தான் கேட்டிருந்தேன். அவர் தட்டை ஒதுக்கியபோது, வேண்டாம் என்று அதைத் திரும்ப எடுத்து மற்றவற்றோடு அடுக்கியிருக்கலாம். ஆறு ஆண்டுகளில் ஒருநாள்கூட அதைச் செய்யவில்லை. லயங்களில் எதையும் மறுக்காதவன் என்று பெயரெடுத்த நான், என் சமையலறையில் அந்தத் தனித் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். படுத்திருந்த பதினொரு நாட்களில் ஈரலைவிட இதுவே என்னை அதிகம் வாட்டியது.

நாட்கள் போகப்போக எனக்குப் பசி திரும்பியது. அவருக்குக் குறைந்தது. அவர் சோற்றை அளைவதை முன்னறையிலிருந்து பார்ப்பேன். அது பயத்தாலா, நோய் தொடங்குவதாலா என்று பிரித்தறிய வழியில்லை. காலையில் ஜன்னலருகே அவரை நிறுத்துவதையும் விட்டுவிட்டோம். அவர் அருகே போக எனக்குத் துணிவில்லை.

பதினோராம் நாள் பதுளைக்குப் போனோம். பஸ்ஸில் முன்னாலும் பின்னாலுமாகத் தனித்தனி ஆசனங்களில் அமர்ந்தோம். வைத்தியர் தாளைப் பிரித்தார்; இரண்டு தாள்கள். முதலில் என்னுடையதைப் படித்தார்.

“மாஸ்டருக்கு வந்தது ஏ. தண்ணியால வாறது. பி இல்லை. ஊசி நல்லாய்ப் பிடிச்சிருக்கு.”

மனைவி மூச்சை வெளியே விட்டது எனக்குக் கேட்டது. வைத்தியர் இரண்டாவது தாளை எடுத்தார்.

“டீச்சருக்கு இந்த ஏ எப்பவோ வந்து போயிட்டுது. இப்ப இல்லை, எத்தனையோ வருசத்துக்கு முதல். அதின்ர எதிர்ப்பு இரத்தத்தில நிறைய இருக்குது. ஒருக்கால் வந்து போனால் சாகும்மட்டும் திரும்ப வராது. மாஸ்டரின்ர தட்டில சாப்பிட்டாலும் வராது, பீலியில வாயை வைச்சுக் குடிச்சாலும் வராது. ஈரலும் எப்பவும் போலப் பேசாமல்தான் இருக்குது. சின்ன வயசில செங்கண்மாரி வந்ததோ, டீச்சர்?”

“ஆமாங்க டாக்டர். ஏழு வயசிருக்கும். கண்ணெல்லாம் மஞ்சளா ஆயிருச்சு. அம்மா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து, உப்பில்லாம கஞ்சி ஊத்துனாங்க. லயத்துல பாதிப் பேருக்கு அந்த வருசம் வந்துச்சு.”

நான் அவரைப் பார்த்தேன். “இதை ஏன் சொல்லேல்லை?”

“நீங்க எங்க கேட்டீங்க?” என்றார்.

வைத்தியர் மேசையில் கைவைத்துச் சிரித்தார். “மாஸ்டர் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சி வடிச்சு வளந்த ஆள். பயப்பிட வேண்டிய ஆளை விட்டிட்டு மற்ற ஆளைக் காவல் காத்திருக்கிறார்.”

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின்தான் மற்றது உறைத்தது. ஏழு வயதில் அவரைக் கிடத்திய அதே அழுக்குத் தண்ணீர் நாற்பது ஆண்டுகள் கழித்து அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்காக அந்தத் தண்ணீருக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். மேல் லயத்துப் பிள்ளைகள் அதே தண்ணீரால்தான் படுத்திருந்தார்கள். பின்னர் அவர்கள் எழுந்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும் மனைவி வகுப்பில் வேறு பாடம் நடத்தாமல், தண்ணீரைக் கொதிக்கவைப்பதையே பாட்டாகவும் கணக்காகவும் சொல்லிக்கொடுத்தார். ஆயினும் அன்று அந்த அறையில் எனக்கு வந்தது நிம்மதி. அதை வேறு பெயரிட்டு அழைத்தால் பொய்யாகும். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் அமர்ந்தோம். பதுளை நகரம் தாண்டுவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். பொது இடங்களில் சேலைத் தலைப்புக்கூட என்மீது படாமல் உட்காருகிறவர் அவர். அந்த நாட்களில் அவர் எத்தனை மணி நேரம் உறங்கியிருப்பார் என்று நான் கேட்டதில்லை. முன்னறையில் படுத்திருந்த எனக்கு அது தெரியும். நடத்துனர் ஹாலிஎல என்று கூவினார். போகும்படி கையைக் காட்டினேன். பஸ் எங்கள் தெருவின் முனையைக் கடந்து மேலே ஏறியது.

தெமோதரையில் அவர் விழித்தார்.

“எங்கங்க இது?”

“தெமோதரை.”

“எறங்கலையா? நோயாளி நீங்க. உங்களுக்கு என்ன ஊர் சுத்தல்?”

“நீர் நித்திரை.”

அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு, நகர்ந்து உட்கார்ந்து, வெளியே ஓடும் தேயிலைச் சரிவுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. பண்டாரவளைக்கே போயிருவோம்,” என்றார். “பசிக்குது.”

பல நாட்களுக்குப் பின் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். எழுந்து, ஆடும் பஸ்ஸில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, நடத்துனரிடம் போய் டிக்கெட்டைப் பண்டாரவளை வரை நீட்டிக்கொண்டேன்.